ஆர்-டைப் ஃபைனல் 2: பழையவற்றோடு வைத்துப் பார்த்தால் எங்கே நிற்கிறது?

நீலலேசர் | 2021 மே 8

ஏப்ரல் கடைசியில் வந்த, விண்கப்பலை ஓட்டிச் சுடும் வீடியோ கேமான ஆர்-டைப் ஃபைனல் 2ஐ நார்மல் நிலையில் முடித்துவிட்டேன். இப்போது அதைவிடக் கடினமான பைடோ நிலையில் (பைடோ என்பது தொடரின் எதிரி இனம்) அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். பழைய ருசி அப்படியே இருக்கிறது என்று பார்க்கும் இடமெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நல்ல ஷூட்டர்தான், ஆனால் ஆர்-டைப் என்று பார்த்தால் சுமார்.

தொடரை ஆடாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். 1987ல் ஐரெம் நிறுவனம் முதல் ஆர்-டைப்பை ஆர்கேடுக்கு விட்டபோது அதில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, பட்டனை அழுத்திப் பிடித்துச் சார்ஜ் ஏற்றிச் சுடும் வேவ் கேனன். இன்னொன்று ஃபோர்ஸ். அது ஒரு ஒளிரும் உருண்டை. கப்பலின் மூக்கில் மாட்டலாம், வாலில் மாட்டலாம், கழற்றித் தூர வீசலாம், திரும்பக் கூப்பிடலாம். அதற்கு அழிவே கிடையாது. சாதாரணத் தோட்டாக்களைத் தடுத்துவிடும், எதிரியைத் தொட்டாலே சேதம். ஆக, ஆயுதமும் அதுதான், கவசமும் அதுதான்.

அந்த முதல் விளையாட்டின் ஒவ்வொரு திரையும் நம்மிடம் கேட்பது ஒரே கேள்வி: ஃபோர்ஸ் இப்போது எங்கே இருக்க வேண்டும்? மூன்றாவது ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஜ் முழுக்க ஒரே ஒரு ராட்சதப் போர்க்கப்பல். அதன் அடியில் நுழைந்து, சுற்றிக்கொண்டு, மேலே ஏறி வர வேண்டும். முன்னால் மட்டும் சுடத் தெரிந்தவன் அங்கே செத்தான். இரண்டாவது ஸ்டேஜின் பாஸ், அதாவது கடைசியில் வரும் பெரிய எதிரி, கோமாண்டருக்கு மேலே திறந்து மூடும் ஒரு கண், உடம்பு ஓட்டைகள் வழியே நுழைந்து நுழைந்து வரும் ஒரு நீளப் பாம்பு. கண் திறக்கும் நேரம் பார்த்து ஃபோர்ஸை உள்ளே சொருகிவிட்டால் வேலை எளிது. தெரியாதவர்கள் பாம்பிடம் மாட்டிக்கொண்டு தவிப்பார்கள்.

ஃபைனல் 2ல் நார்மல் நிலையில் நான் பாதிக்கு மேல் ஃபோர்ஸை மூக்கிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டேன். வாலில் மாட்ட வேண்டிய கட்டாயம் அங்கொன்று இங்கொன்றுதான். என் குறையே இதுதான். படம் அழகாக இல்லை, பாட்டு சரியில்லை என்பதெல்லாம் என் புகாரில் இல்லை.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பிக்சல்பாண்டி | 2021 மே 8

உங்கள் புகாரில் இல்லாததை நான் சேர்த்துவிடுகிறேன். படம்தான் பிரச்சினை.

அன்ரியல் எஞ்சின் 4ல் செய்திருக்கிறார்கள், சரி. தண்ணீர் பளபளக்கிறது, வெடிப்புப் புகை சுருள் சுருளாகப் போகிறது, சந்தோஷம். ஆனால் எது பின்னணி, எது முட்டினால் சாவது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. புள்ளி புள்ளியாக வரைந்த பழைய ஸ்பிரைட் படங்களில் அந்தக் குழப்பமே வராது. கறுப்பு வானம், அதன்மேல் தெளிவான நிறத்தில் ஒரு தோட்டா, அவ்வளவுதான். ஐரெமின் ஓவியர்கள் அந்தக் குறைந்த நிறங்களை வைத்துக்கொண்டே பாதி இயந்திரம் பாதிச் சதை என்று அருவருப்பை வரைந்தார்கள். முதல் ஸ்டேஜ் பாஸ் டோப்கெராடாப்ஸ் வயிற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்தக் கருவை ஒரு தடவை பார்த்தவன் மறப்பானா? புதியதில் எத்தனை பாஸ் ஞாபகம் இருக்கிறது, சொல்லுங்கள்.

---

கடைசிக்காசு | 2021 மே 9

இரண்டு பேருமே தப்பான தாத்தாவோடு ஒப்பிடுகிறீர்கள் தம்பிகளா.

ஆர்-டைப் என்று ஒரே கோடாகப் பேசுகிறோம், ஆனால் அதில் இரண்டு வம்சம் இருக்கிறது. 1987ல் முதல் பாகம், 1989ல் இரண்டாம் பாகம், 1993ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த மூன்றாம் பாகம். இவை ஒரு வம்சம். நீலலேசர் சொன்ன மாதிரி ஒவ்வொரு திரையும் ஒரு புதிர். இரண்டாம் பாகத்தில் வேவ் கேனனுக்கு இன்னொரு படி வைத்தார்கள்: முழுச் சார்ஜுக்கு அப்புறமும் பிடித்துக்கொண்டிருந்தால் பரந்து சிதறும் குண்டு கிடைக்கும், ஆனால் சரியான நொடியில் விட வேண்டும். மூன்றாம் பாகத்தில் ரவுண்ட், ஷேடோ, சைக்ளோன் என்று மூன்று ஃபோர்ஸ் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கூடவே ஹைப்பர் வேவ் கேனன். அதைப் பயன்படுத்தினால் கப்பல் சூடேறிக் கொஞ்ச நேரம் சார்ஜ் செய்ய முடியாது. எல்லாமே புதிரைச் சிக்கலாக்கும் சேர்க்கைகள்தான்.

1998ல் பிளேஸ்டேஷனுக்கு ஆர்-டைப் டெல்டா வந்தது. அதிலிருந்து இன்னொரு வம்சம் தொடங்குகிறது. படம் முப்பரிமாணமாகிறது, ஒரு கப்பல் மூன்றாகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோர்ஸ், தனி வேவ் கேனன், தனி முடிவு. ஃபோர்ஸ் உறிஞ்சிக்கொள்ளும் சக்தியைச் சேர்த்து வைத்துத் திரையையே துடைத்தெடுக்கும் டோஸ் முறை அதில்தான் வந்தது. அடுத்து 2003ல் பிளேஸ்டேஷன் 2க்கு ஆர்-டைப் ஃபைனல். கப்பல்கள் மட்டும் 101. நூற்றொன்று! ஸ்டேஜ்களைவிட கப்பல்களை நிறுத்தி வைத்துச் சுற்றிப் பார்க்கும் அருங்காட்சியகம்தான் அதன் நடுமுற்றம்.

ஃபைனல் 2 பிறந்தது இந்த இரண்டாவது வீட்டில். பெயரிலேயே இருக்கிறதே. 2003 ஃபைனலை மறுபடி ஆடிப் பாருங்கள். அதுவும் மெதுவாகத்தான் நகரும். அதிலும் ஃபோர்ஸை மூக்கிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் போகலாம். நீங்கள் இன்று சொல்லும் அதே குறையை அன்றைக்கு அதன்மேல் சொன்னார்கள்.

---

நீலலேசர் | 2021 மே 9

அண்ணே, அப்பாவுக்கும் அதே வியாதி இருந்தது என்றால் பிள்ளைக்கு மருந்து வேண்டாமா?

டெல்டாவை அந்தப் பட்டியலில் சேர்ப்பதையும் நான் ஏற்க மாட்டேன். டெல்டா முப்பரிமாணம் ஆனது உண்மை. ஆனால் ஸ்டேஜ் வடிவமைப்பில் அது பழைய வம்சத்துப் பிள்ளை. மூன்றாவது ஸ்டேஜில் கால் வைத்து நடந்து வரும் அந்தப் பிரம்மாண்ட இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி உடைக்கிறோமே, அது 1987 போர்க்கப்பலின் நேர் வாரிசு. அங்கே ஃபோர்ஸைப் பின்னால் மாட்டாமல், கழற்றி விடாமல் பிழைக்கவே முடியாது. மூன்று கப்பலுக்கும் அந்த ஸ்டேஜ் மூன்று விதமாக ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால் தொடரின் உச்சமே அதுதான்.

---

பிக்சல்பாண்டி | 2021 மே 9

டெல்டா உச்சம் என்பதற்கு என் ஓட்டு உண்டு. அந்தக் காலத்து பாலிகன்கள் இன்று பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் எதிரி எது சுவர் எது என்று ஒருநாளும் குழம்பியதில்லை. மூன்றாம் பாகம்தான் உச்சம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் அடுத்த வரிசையில் நிற்கவும்.

---

மின்மினி | 2021 மே 10

வணக்கம், நான் புதிது. இந்தத் தொடரில் ஃபைனல் 2தான் முதல் விளையாட்டு. ஒரு சந்தேகம்.

செத்தால் ஏன் பின்னால் தூக்கிப் போடுகிறார்கள்? அதுவும் எடுத்து வைத்த பவர்-அப் எல்லாம் போய் வெறும் கப்பலோடு. மற்ற ஷூட்டர்களில் செத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டு திரும்ப வந்துவிடுவோம். பாஸுக்கு முன்னால் செத்தால் இதில் தலையெழுத்து. பழையவற்றிலும் இப்படித்தானா, இல்லை புதிதாகச் சேர்த்த தண்டனையா?

---

இரவுரயில் | 2021 மே 10

பழைய தண்டனைதான் மின்மினி. சொல்லப்போனால் இந்தத் தொடரின் அடையாளமே அது.

செக்பாயின்ட், அதாவது செத்தால் பின்னால் குறித்த இடத்திலிருந்து தொடங்க வைக்கும் முறை, ஆர்-டைப்பின் கண்டுபிடிப்பு இல்லை. 1985ல் வந்த கிரேடியஸ் ஷூட்டரிலேயே உண்டு. ஆனால் அதை ஒரு தனி விளையாட்டாக மாற்றியது ஆர்-டைப். செத்து விழுந்த இடத்திலிருந்து, ஃபோர்ஸ் இல்லாத வெறும் ஆர்-9 கப்பலை வைத்துக்கொண்டு, அடுத்த பவர்-அப் கிடைக்கும்வரை உயிரோடு நகர்வது ஒரு தனிக் கலை. முதல் முறை ஃபோர்ஸோடு சுலபமாகக் கடந்த அதே பத்து நொடியை இப்போது வெறும் துப்பாக்கியால் கடக்க வேண்டும். எந்த எதிரியைச் சுட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அப்போதுதான் புரியும்.

இதைத் தொட்டுக் கெடுத்த பாகமும் உண்டு. 1991ல் வந்த சூப்பர் ஆர்-டைப்பில் நடுவில் செக்பாயின்டே கிடையாது. எங்கே செத்தாலும் ஸ்டேஜின் ஆரம்பத்துக்கே போ. போதாக்குறைக்கு எதிரிகள் கூடினால் ஆட்டமே மெதுவாகிவிடும். அதை ரசித்து முடித்த ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இன்னொரு பக்கம் போட்டியாளர்கள். 2004ல் ட்ரெஷர் நிறுவனம் உருவாக்கிய கிரேடியஸ் V செத்த இடத்திலேயே எழ வைத்தது, பழைய முறை வேண்டும் என்பவர்களுக்கு அதையும் ஒரு தேர்வாக வைத்தது. யாருக்கும் மனக்குறை இல்லை. ஃபைனல் 2 ஏன் அந்தத் தேர்வைத் தரவில்லை என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

என் வருத்தம் வேறு. ஃபைனல் 2ல் செக்பாயின்ட் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் அந்த மீட்சிக் கலை இல்லை. பல இடங்களில் செத்துத் திரும்பினால் சிறிது தூரத்திலேயே பவர்-அப் வந்துவிடும், எதிரி குறைவு, சும்மா பறந்துகொண்டிருக்கிறோம். வேறு சில இடங்களில் வெறும் கப்பலை நேராகப் பாஸ் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் யாரும் உட்கார்ந்து யோசித்த மாதிரி தெரியவில்லை. தண்டனையை மட்டும் வைத்துக்கொண்டு பாடத்தைத் தூக்கிவிட்டார்கள்.

---

நட்டுபோல்ட்டு | 2021 மே 11

நீங்கள் எல்லாரும் முதலில் கொடுத்த ஒரே கப்பலை வைத்துக்கொண்டு ஸ்டேஜ் சரியில்லை, ஸ்டேஜ் சரியில்லை என்கிறீர்கள். ஐயா, இது கப்பல் விளையாட்டு.

ஹகுசான் எடுத்துப் போய்ப் பாருங்கள். அதற்கு வேவ் கேனன் என்று எதுவும் இல்லை, பைல் பங்கர்தான். கப்பலின் மூக்கிலிருந்து ஒரு ஆணி பாய்ந்து குத்தும், அவ்வளவுதான் தூரம். எதிரியின் முகத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சும்மா பறக்கும் ஸ்டேஜ் என்று இரவுரயில் சொன்னாரே, அதே ஸ்டேஜில் வியர்த்துவிடும். செர்பரஸின் மின்னல் வேவ் கேனன் தானாக எதிரியைத் தேடிப் போய் அடிக்கும், அதில் போனால் கதையே வேறு. வழக்கமாக நமக்கு பவர்-அப் சுமந்து வந்து சுடப்பட்டுச் சாகும் போவ் ஆர்மர் இருக்கிறதே, அதையே ஓட்டலாம்! இந்தக் குசும்பு வேறு எந்தத் தொடரில் இருக்கிறது?

ஸ்டேஜ் கொஞ்சம் பொதுவாக, இடைவெளி விட்டு இருப்பதற்குக் காரணமும் இதுதான். நூறு விதக் கப்பலும் கடந்து போகிற மாதிரி ஒரு ஸ்டேஜ் போட வேண்டும். ஒரே ஒரு ஆர்-9ஐ மனதில் வைத்து 1987ல் போட்ட ஸ்டேஜை அப்படியே கொண்டுவந்தால் பாதிக் கப்பல்கள் நுழையவே முடியாது.

---

நீலலேசர் | 2021 மே 11

இதுவரை இழையில் வந்ததில் எனக்கு விடை சொல்லக் கடினமான வாதம் நட்டுபோல்ட்டுடையதுதான். கப்பல் கூடக் கூட ஸ்டேஜ் தளர வேண்டும் என்பது சரி. ஆனால் அப்படித் தளர்த்திய விலைக்கு அது தகுமா என்பதுதான் என் கேள்வி.

தளர்ச்சிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திரை. முதல் ஆர்-டைப் ஓடியது 4:3 குழாய்த் திரையில். ஃபைனல் 2 ஓடுவது 16:9ல். அகலம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஃபோர்ஸை வைத்து யோசித்துப் பாருங்கள். பழைய திரையில் முன்னால் வீசினால் சீக்கிரமே வலது ஓரம் போய் நிற்கும், கூப்பிட்டால் சீக்கிரம் வரும். இப்போது வீசினால் போகும் தூரம் அதிகம், திரும்பி வரும் நேரமும் அதிகம், அதுவரை கப்பல் அம்மணமாக நிற்க வேண்டும். ஆகவே வீசாமல் மாட்டியே வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. எதிரி வலது ஓரத்தில் தெரிந்து நம்மை அடைவதற்குள் வேவ் கேனனைச் சார்ஜ் ஏற்றி முடித்துவிடலாம், எனவே அதுவே போதும் என்றும் ஆகிவிடுகிறது. தொடரின் உயிர்நாடியான இரண்டு ஆயுதங்களில் ஒன்று இன்னொன்றைச் சாப்பிட்டுவிட்டது.

அகலத் திரைக்கு என்றே யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். டேரியஸ் ஷூட்டர் தொடர் 1980களிலேயே மூன்று திரைகளை ஒட்டி வைத்து ஆடியது. 2010ல் வந்த டேரியஸ்பர்ஸ்ட் ஆர்கேடில் இரண்டு அகலத் திரை பக்கம் பக்கமாக. அந்த நீளத்துக்குத் திரையில் பாதியை அடைக்கும் மீன்கள் பாஸாகப் பொருந்தின, பர்ஸ்ட் ஆயுதத்தைத் தனியே கழற்றி ஓரிடத்தில் நிறுத்தித் திசை மாற்றிவிட வழியும் இருந்தது. திரையின் வடிவத்துக்கு ஆயுதம் பொருந்தியது. ஃபைனல் 2 பழைய ஆயுதத்தைப் புதிய திரையில் அப்படியே கொண்டுவந்து போட்டுவிட்டது.

---

பிக்சல்பாண்டி | 2021 மே 11

இந்தத் திரை விஷயம் சரியான பிடி. இனி யாராவது அகலம் நல்லது என்றால் இந்தப் பதிவைக் காட்டுவேன்.

நட்டுபோல்ட்டுக்கு ஒரு கேள்வி. கப்பல் கப்பல் என்கிறீர்களே, அந்தக் கப்பலை எடுப்பதற்குப் பொருள் சேர்க்க வேண்டியிருக்கிறதே, அது யாருக்குப் பிடித்திருக்கிறது? மூன்று விதமான மூலப்பொருள், ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு விலை. ஒரே ஸ்டேஜை மறுபடி மறுபடி ஓட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கைபேசி விளையாட்டு வாடை அடிக்கிறது.

---

நட்டுபோல்ட்டு | 2021 மே 12

எனக்கும் அது ரொம்பப் பிடிக்கவில்லைதான். ஆனால் 2003ல் மட்டும் என்ன வாழ்ந்தது? சில கப்பல்கள் கிடைக்க வேறொரு கப்பலை இவ்வளவு நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். இதில் எந்தக் கப்பலுக்குச் சேர்க்கிறோம் என்பதையாவது நாமே முடிவு செய்கிறோம். எல்லாக் கப்பலும் இன்னும் வந்து சேரவில்லை, மேம்படுத்தல்களில் வரும் என்றிருக்கிறார்கள். அதுவரை பொறுமை.

---

கடைசிக்காசு | 2021 மே 12

ஸ்டேஜ், திரை, கப்பல் எல்லாம் பேசியாயிற்று. பழையதிலிருந்து இது விலகும் இடங்களில் எனக்கு முக்கியமாகப் படுவதை இன்னும் யாரும் தொடவில்லை. அது தொனி.

2003 ஃபைனல் ஒரு கருமாதி மாதிரி விளையாட்டு. கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். ஆரம்பத்திலிருந்தே ஒரு சோர்வு, ஒரு மங்கல் வெளிச்சம். நீலலேசருக்கு எரிச்சலூட்டும் அந்த மெதுவான நடை அங்கே சோகத்துக்குப் பொருந்தியது. கதை தெரியாதவர்களுக்கு: பைடோ என்பது வேற்றுக்கிரகப் பூச்சி இல்லை. 26ஆம் நூற்றாண்டு மனிதர்கள் தாங்களே உருவாக்கி, கையைவிட்டுப் போய், காலத்தில் பின்னோக்கி 22ஆம் நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்த ஆயுதம். அதை எதிர்க்க நாம் கப்பல்கள் செய்கிறோம், அந்தக் கப்பல்களில் மாட்டும் ஃபோர்ஸே பைடோவை அடக்கிச் செய்தது. போகப் போகக் கப்பல்களே பைடோவாக ஆகிக்கொண்டு போகின்றன. ஃபைனலின் மாற்று முடிவுகளில் ஒன்றில், நாமே பைடோவாகித் திரும்பி மனிதர்களின் ஆர் கப்பல்களோடு சண்டை போடுகிறோம். எதிரே வருகிறவர்கள் நாம் அதுவரை ஓட்டிய அதே கப்பல்கள். ஷூட்டரில் இப்படி ஒரு முடிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த 101 கப்பல் அருங்காட்சியகத்தை அதற்கப்புறம் சுற்றிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஃபைனல் 2க்கு அந்தத் துக்கம் இல்லை. இருக்கவும் முடியாது. இது முடிந்து போனதைத் திரும்பத் தொடங்கும் விளையாட்டு. விமானிக்கு உடை மாற்றலாம், கப்பலுக்கு வண்ணம் அடிக்கலாம், ஒட்டுப்படம் ஒட்டலாம், கப்பலை நிறுத்திப் படம் எடுக்கலாம். எல்லாம் கொண்டாட்டம். அதே மெதுவான நடை இங்கே வெறும் மெதுவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம் என்பேன்.

இது வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஐரெம் 2011ல் வீட்டு விளையாட்டுத் தயாரிப்பிலிருந்து விலகத் தொடங்கியது. அங்கே விளையாட்டுகளை உருவாக்கிவந்த கசுமா குஜோவும் உடன் வேலை செய்தவர்களும் வெளியேறி, பின்னாளில் ஃபைனல் 2ஐச் செய்த கிரான்செல்லா நிறுவனத்தை அதே வருடம் தொடங்கினார்கள். ஐரெமில் இருந்த காலத்தில் வருடாவருடம் ஏப்ரல் 1 அன்று இணையதளத்தில் பெரிய பெரிய கேலி அறிவிப்புகள் போடுவது வழக்கம். ஃபைனல் 2 அறிவிக்கப்பட்டதும் 2019 ஏப்ரல் 1 அன்றுதான்! பாதிப் பேர் நம்பவில்லை. அப்புறம் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள். அப்படி வந்த விளையாட்டில் ரசிகர்களுக்கு வேண்டியது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், ஒருவருக்கு மட்டும் வேண்டிய விடாப்பிடி இருக்காது. நீலலேசருக்கு வேண்டியது அந்த விடாப்பிடி.

---

இரவுரயில் | 2021 மே 12

அருமையான பதிவு அண்ணே. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். திரும்பி வந்த பழைய தொடர்கள் எல்லாம் எப்படி வந்தன என்று பார்த்தால் ஃபைனல் 2ஐ ரொம்ப அடிக்க மனம் வராது. தண்டர் ஃபோர்ஸ் என்ற ஷூட்டர் தொடரின் ரசிகர்கள் ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2008ல் வந்த ஆறாம் பாகத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்கள்.

---

நீலலேசர் | 2021 மே 13

தண்டர் ஃபோர்ஸ் VIஐ விட நன்றாக இருக்கிறது என்பதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? :)

தொனி பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். பைடோ நிலையில் இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: நிலை கூடினால் தோட்டா கூடுகிறது, எதிரி கூடுகிறான், நார்மலில் காலியாக இருந்த இடங்கள் நிரம்புகின்றன. ஃபோர்ஸைப் பின்னால் மாட்ட வேண்டியும் வருகிறது. ஸ்டேஜ்களின் உண்மையான வடிவம் இதுதான் போல, நார்மல் அதை நீர்த்துக் கொடுத்தது. அப்படியென்றால் பெட்டியைத் திறந்தவனுக்கு முதலில் நீர்த்ததைக் கொடுப்பது என்ன வியாபாரமோ. 1987ல் நிலை தேர்வே கிடையாது. காசு போட்டால் எல்லாருக்கும் ஒரே அடி.

---

மின்மினி | 2021 ஜூன் 2

நீங்கள் எல்லாம் பேசியதைப் படித்துவிட்டு ஆர்-டைப் டைமென்ஷன்ஸ் இஎக்ஸ் வாங்கினேன். முதல் இரண்டு பாகமும் அதில் இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் ஆட்டத்தின் நடுவிலேயே பழைய ஸ்பிரைட் படமும் புதிய முப்பரிமாணப் படமும் மாறி மாறி வருகின்றன. பிக்சல்பாண்டி சொன்னது அப்போதுதான் புரிந்தது. கஷ்டமான இடம் வந்தாலே என் விரல் தானாகப் பழைய படத்துக்குப் போய்விடுகிறது.

எண்ணற்ற உயிர் தரும் முறையும் அதில் உண்டு, செத்த இடத்திலேயே எழலாம். முதலில் அதில்தான் ஓட்டினேன். எட்டு ஸ்டேஜும் முடிந்துவிட்டது, ஆனால் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் செக்பாயின்ட் முறையில் முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது ஸ்டேஜ் போர்க்கப்பலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூரம் கூடப் போகிறேன். ஆறாவது ஸ்டேஜில் சந்து சந்தாக ஊர்ந்து வரும் அந்தப் பெட்டி எதிரிகளை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

என் கருத்து, புதியவள் என்ற முறையில்: பழையது கஷ்டம், ஆனால் ஏன் செத்தேன் என்று ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. ஃபைனல் 2ல் சில சமயம் எதில் முட்டினேன் என்றே தெரியவில்லை. ஆனாலும் அலுத்துப்போனால் நான் திறப்பது ஃபைனல் 2தான். கப்பல் மாற்றி மாற்றி ஓட்டுவது ஜாலியாக இருக்கிறது.

---

நட்டுபோல்ட்டு | 2021 ஜூன் 2

கடைசி வரிக்கு ஆயிரம் நன்றி சகோதரி. இந்த இழையில் எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

---

இரவுரயில் | 2023 மே 20

இழையைத் தூசி தட்டுகிறேன், மன்னிக்கவும். பிளேஸ்டேஷன் 5க்கு ஆர்-டைப் ஃபைனல் 3 எவால்வ்ட் வந்துவிட்டது, யாராவது ஆடினீர்களா? பெயர்தான் மூன்று, உள்ளே ஃபைனல் 2 முழுவதும் இருக்கிறது, மேலே ஏழு புது ஸ்டேஜ், எஞ்சினும் அன்ரியல் 5க்கு மாறியிருக்கிறது. இதைத் தனிப் பாகம் என்று எண்ணுவதா, விரிவு என்று எண்ணுவதா தெரியவில்லை. ஒரே விளையாட்டுக்கு இரண்டாம் முறை காசு கொடுத்ததாக எனக்குள் ஒருவன் முனகிக்கொண்டே இருக்கிறான்.

---

நீலலேசர் | 2023 மே 21

வாங்கினேன். நானும் முனகிக்கொண்டேதான் வாங்கினேன்.

இதற்கிடையில் ஃபைனல் 2க்குக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் ஸ்டேஜ்களாகப் பழைய விளையாட்டுகளின் ஸ்டேஜ்களைப் புதிதாகச் செய்து விட்டார்கள் அல்லவா, அவற்றையும் ஓட்டினேன். 2021ல் நான் போட்ட முதல் பதிவுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதே எஞ்சின், அதே அகலத் திரை, அதே கப்பல். பழைய ஸ்டேஜ் வரைபடம் வந்ததும் விளையாட்டு இறுகிவிடுகிறது, கை தானாக ஃபோர்ஸைக் கழற்றத் தொடங்கிவிடுகிறது. நட்டுபோல்ட்டு, உங்கள் கப்பல்களில் பெரும்பாலானவை அங்கே தாராளமாக நுழைகின்றன. ஹகுசானை வைத்து மட்டும் நான் முயலவில்லை.

---

நட்டுபோல்ட்டு | 2023 மே 21

நான் முயன்றேன். முடியும். பாஸின் வயிற்றில் மூக்கை முட்டிக்கொண்டு நின்று குத்த வேண்டும், வால் சுழன்று வரும்போது விலக வேண்டும். அந்தக் கூடுதல் ஸ்டேஜ்கள் மட்டும் முதல் நாளிலேயே பெட்டிக்குள் இருந்திருந்தால் நமக்குள் இவ்வளவு சண்டையே வந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவற்றை நூறு கப்பலில் ஓட்ட முடிவதால்தான் எனக்கு இன்னும் அலுக்கவில்லை என்பதை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

---

கடைசிக்காசு | 2023 மே 22

இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் நாள் வந்துவிட்டதா! சரி, அடுத்த சண்டைக்கு நான் விறகு போடுகிறேன். 1992ல் வந்த ஆர்-டைப் லியோவில் ஃபோர்ஸே கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், பக்கத்தில் பிட் என்னும் இரண்டு சின்னத் துணைக் கருவிகள் மட்டும் சுற்றி வரும், அவற்றை எதிரிமேல் ஏவலாம். ஃபோர்ஸ்தான் ஆர்-டைப் என்கிற நீலலேசர் அதை என்ன கணக்கில் வைப்பார்?

---

நீலலேசர் | 2023 மே 22

நல்ல ஷூட்டர் என்ற கணக்கில். தனி இழை தொடங்குங்கள் அண்ணே, அங்கே வந்து அடித்துக்கொள்கிறேன்.